சாலை ஏறுது, வாசல் இறங்குது: தெருக் கேள்வி – பதில்

மேற்கு மாம்பலம், தியாகராய நகர், கோடம்பாக்கம் வட்டாரத்துத் தெருக்களைப் பற்றிய கேள்விகள் இந்த இதழில். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டியவற்றுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறோம். அதனால் தார், வடிகால், குழாய் பற்றிய பதில்கள் சற்று நீளமாகவே இருக்கும்.

எங்கள் வீடு 1970களில் கட்டியது. அப்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே வருவோம். இப்போது ஒரு படி இறங்கி வருகிறோம். மறுபடியும் ரோடு போடப்போவதாகச் சொல்கிறார்கள். பழையதைச் சுரண்டிவிட்டுப் போடச் சொல்ல நமக்கு உரிமை உண்டா? சரியாகச் செய்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது? (மேற்கு மாம்பலம் வாசகர்)

தாராளமாகச் சொல்லலாம். பழைய மேல்தளத்தை இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த கனத்துக்கே புதிதாகப் போட வேண்டும், சாலை மட்டம் ஏறக் கூடாது என்று 2021இல் தமிழ்நாடு அரசே தன் துறைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இந்தச் சுரண்டலைத்தான் தொழிலில் இருப்பவர்கள் 'மில்லிங்' என்கிறார்கள். சுரண்டாமல் போட்டால் ஒரு தடவைக்கு 4 செ.மீ. ஏறும். நான்கு தடவையில் 16 செ.மீ., அதாவது ஒரு முழுப் படி. உங்கள் மூன்று படியும் அப்படித்தான் போயின.

வேலை தொடங்குவதற்கு முன்பே உங்கள் வீட்டு மட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். அளவு கையில் இல்லாமல் "ரோடு ஏறிப்போச்சு" என்று எத்தனை தடவை சொன்னாலும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் ட்யூப் லெவலே போதும். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய் 10 மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முனையை வாளித் தண்ணீரில் வைத்து மறுமுனையில் உறிஞ்சி நிரப்புங்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட நிற்கக் கூடாது. நின்றால் மட்டம் தப்பாகக் காட்டும். ஒரு முனையை முன்னறைத் தரையில் நிறுத்திய அளவுகோலோடு சேர்த்துப் பிடியுங்கள்; மறுமுனையைத் தெரு நடுவில் நிறுத்திய அளவுகோலோடு இன்னொருவர் பிடிக்கட்டும். தண்ணீர் அசையாமல் நின்றதும் இரண்டு பக்கமும் படியுங்கள். வீட்டுத் தரையிலிருந்து 60 செ.மீ., தெருவிலிருந்து 48 செ.மீ. என்று வந்தால், தெரு உங்கள் தரையைவிட 12 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதே குழாயை வைத்து வீட்டுத் தரை மட்டத்தை காம்பவுண்டுத் தூணில் ஒரு பெயின்ட் கோடாகப் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு குழாயே வேண்டாம். அந்தக் கோட்டுக்கும் தெரு ஓரத்துக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்தாலே போதும். தேதியோடு ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

சுரண்டும் நாளில், சுரண்டிய இடமும் சுரண்டாத இடமும் சேரும் விளிம்பில் ஒரு நேரான சட்டத்தை வைத்து ஆழத்தை அளக்கலாம். 4 செ.மீ. போடப்போகிறார்கள் என்றால் 4 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும். இயந்திரத்தின் உருளை சுவர் ஓரத்துக்கும் மேன்ஹோல் மூடியைச் சுற்றியும் போகாது. அந்த இடங்களைக் கையால் உடைத்து எடுக்க வேண்டும். பல தெருக்களில் இந்த வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால், நடுத்தெரு சரியாக இருந்தும் வீட்டு வாசலில் மட்டும் ஒரு திட்டு நின்றுவிடும். மழைத்தண்ணீர் அந்தத் திட்டில் முட்டி வீட்டுப் பக்கம் திரும்பும்.

அடுத்தது தூசி. சுரண்டிய பரப்பைக் கூட்டி, காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகுதான் பசைத்தார் தெளிக்க வேண்டும். பழைய தார்ப் பரப்பென்றால் சதுர மீட்டருக்குக் கால் கிலோ அளவு. தெளிக்கும்போது பழுப்பாக இருக்கும்; சற்று நேரத்தில் நீர் பிரிந்து கறுத்துவிடும். கறுத்த பிறகே தார்க்கலவையைக் கொட்ட வேண்டும். தூசிமேல் போட்டாலும், பழுப்பாக இருக்கும்போதே போட்டாலும் இரண்டாவது மழையில் மேல்தளம் தோசை மாதிரி தனியே உரியும். கலவை கொட்டும்போது சுமார் 140 டிகிரி சூடு வேண்டும். 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும். லாரியிலிருந்து இறங்கும் கலவை பளபளப்பு இல்லாமல் கட்டிகட்டியாக விழுந்தால் ஆறிப்போனது. நீலப் புகை வந்தால் அளவுக்கு மீறிக் காய்ச்சிவிட்டார்கள். இரண்டையும் திருப்பி அனுப்பச் சொல்லலாம்.

கனம் சரிதானா என்று பார்க்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 4 செ.மீ. கனம் என்றால் 24 கன மீட்டர். கெட்டித்த கலவை கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.4 டன். ஆக, 57 டன்னுக்குக் குறையாமல் கலவை வந்திருக்க வேண்டும். லாரிக்கு 12 டன் என்றால் ஐந்து லோடு. மூன்று லோடில் தெரு முடிந்துபோனால் உடனே பொறியாளரிடம் எடைச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, சாலைக்கு நடுமேடு வேண்டும். 6 மீட்டர் தெருவில் நடு, ஓரத்தைவிட 6 முதல் 7.5 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை நடுவில் ஊற்றிப் பாருங்கள். இரண்டு ஓரத்துக்கும் ஓட வேண்டும். உங்கள் கேட்டுக்கு ஓடினால் அன்றைக்கே சொல்லுங்கள், ஒப்பந்தக்காரர் ஆட்கள் கிளம்பிய பிறகு சொல்லிப் பயனில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். எடுத்த கனத்துக்கே போட்டால் சாலை இனி ஏறாது, ஆனால் பழைய மட்டத்துக்கு இறங்காது. இறக்க வேண்டுமானால் 8 செ.மீ. எடுத்து 4 செ.மீ. போட வேண்டும். அதற்கு அடியில் போதிய தார் அடுக்கு இருக்கிறதா என்பதை, குழாய்க்காகச் சாலையை வெட்டும் பள்ளத்தில் குனிந்து பார்த்தாலே தெரியும். ஒவ்வொரு முறை போட்ட அடுக்குக்கும் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு இருக்கும். நாலைந்து கோடுகள் எண்ண முடிந்தால் தாராளமாக ஆழமாய் எடுக்கலாம். படம் எடுத்து மனுவோடு இணையுங்கள். குடிநீர், கழிவுநீர், மின்சார இணைப்புக்காகத் தெருவில் யார் பள்ளம் தோண்ட வேண்டியிருந்தாலும் தார் போடுவதற்கு முன்பே தோண்டி, மண்ணை 15 செ.மீ. அடுக்குகளாகத் தண்ணீர் விட்டு இடித்து மூடச் சொல்லுங்கள். மொத்த மண்ணையும் ஒரே தள்ளாகத் தள்ளி மூடினால் முதல் மழையிலேயே புதுத் தார் குழியோடு உட்காரும்.

மழைநீர் வடிகால் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் போன மழைக்கு முழங்கால் தண்ணீர். வடிகால் மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே பாதிக்குத்தான் தண்ணீர் ஓடுகிறது. இது எப்படி? (தியாகராய நகர் வாசகி)

உள்ளே பாதிதான் ஓடுகிறது என்று பார்த்து எழுதியிருக்கிறீர்களே, அதுவே பாதி பதில். வடிகாலில் இடம் இருக்கிறது; தண்ணீர் உள்ளே போக வழி இல்லை. நடைமேடை ஓரத்தில் சில மீட்டர்களுக்கு ஒன்றாக இருக்கிற திறப்புகளைத்தான் பார்க்க வேண்டும். அவை மூன்று விதமாகக் கெடுகின்றன. இலையும் பாலித்தீனும் கம்பியில் பாய் விரித்தாற்போல ஒட்டிக்கொள்வது ஒன்று. சாலை போடும்போது தாரை வாயிலேயே தள்ளிவிடுவது இன்னொன்று. மூன்றாவதுதான் மோசம்: திறப்பின் கீழ் விளிம்பு சாலை ஓரத்தைவிட உயரமாக இருப்பது. விளிம்பு இரண்டு விரல்கடை மேலே இருந்தால்கூட, அந்த அளவு தண்ணீர் தெருவில் தேங்கிய பிறகுதான் உள்ளே போகத் தொடங்கும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் தெரிந்துவிடும். செப்டம்பருக்குள் உங்கள் தெருவின் திறப்புகளை எல்லாம் இப்படிச் சோதித்து, எந்த வீட்டு எண் எதிரில் எது அடைத்திருக்கிறது என்று பட்டியல் போட்டு, மாநகராட்சியின் புகார்த் தொலைபேசி எண்ணான 1913இல் பதிவு செய்யுங்கள். "தெருவில் தண்ணீர் தேங்குகிறது" என்ற புகாரைவிட, "இத்தனையாம் எண் எதிரில் உள்ள வாய் அடைத்திருக்கிறது" என்ற புகாருக்கு ஆள் சீக்கிரம் வருவார்கள்.

வடிகால் முழுக்க நிரம்பியும் தண்ணீர் நகரவில்லை என்றால் சிக்கல் உங்கள் தெருவில் இல்லை. வள்ளுவர் கோட்டம் பக்கமிருந்து தியாகராய நகர் வழியாக நந்தனத்தில் அடையாற்றில் சேர்கிற மாம்பலம் கால்வாய்தான் இந்தப் பகுதிக்குப் போக்கிடம். அது தூர்ந்திருந்தாலோ, அடையாற்றிலேயே நீர்மட்டம் ஏறியிருந்தாலோ தெருத் தண்ணீர் காத்திருக்கத்தான் வேண்டும். ஒருகாலத்தில் இங்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியின் படுகையில்தான் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோட்டுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வருகிறது. அதற்கு வழி விட்டுத்தான் நாம் வாழ வேண்டும்.

ஒரு வேண்டுகோள். தெருவில் தண்ணீர் நிற்கும்போது கழிவுநீர் மேன்ஹோல் மூடியைத் திறந்து அதற்குள் தண்ணீரை விடுகிற வழக்கம் பல தெருக்களில் இருக்கிறது. செய்யவே செய்யாதீர்கள். தண்ணீருக்கு அடியில் திறந்து கிடக்கும் குழி தெரியாமல் ஆட்கள் விழுந்து உயிர் போயிருக்கிறது. கழிவுநீர்க் குழாய் மழைநீரைத் தாங்காது. தாழ்வான வீட்டுக் கழிப்பறையில் அதே தண்ணீர் மேலே வரும். அடைப்பெடுக்க ஆளை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எவ்வளவு அவசரமானாலும் இயந்திரம் வரும்வரை பொறுங்கள். அடையாளம் எளிது: கழிவுநீர் மூடி பெரும்பாலும் வட்டம், சாலை நடுவில் இருக்கும், மழைநீர் வடிகால் மூடி நீள்சதுரம், ஓரத்தில் இருக்கும்.

உங்கள் பங்குக்கும் ஒன்று உண்டு. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 9,300 லிட்டர். அந்தத் தண்ணீர் தெருவுக்கு வருகிறதா, கிணற்றுக்குப் போகிறதா என்று பாருங்கள். 2003இல் கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்த மழைநீர்த் தொட்டிகள் பல வீடுகளில் மண்மூடிக் கிடக்கின்றன. வடிகட்டித் தொட்டியின் மணலையும் ஜல்லியையும் வெளியே எடுத்துக் கழுவி, பெரிய ஜல்லி அடியில், சின்னது நடுவில், மணல் மேலே என்று திரும்பப் போட அரை நாள் வேலைதான்.

வாசலில் இருக்கும் மெட்ரோ வாட்டர் அடிபம்பில் முன்போல் தண்ணீர் வருவதில்லை. இருபது தடவை அடித்தால்தான் சொட்டுகிறது. "லைனிலேயே மோட்டார் போட்டுவிடுங்கள்" என்று பிளம்பர் சொல்கிறார். போடலாமா? (கோடம்பாக்கம் வாசகி)

போடாதீர்கள். குழாயில் நேராக மோட்டார் வைத்து இழுப்பதற்கு அனுமதி இல்லை. கண்டுபிடித்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, பூமிக்கடியில் இருக்கிறது. பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அருகருகே போகின்றன; இரண்டிலும் மூட்டுகளில் கசிவு இருக்கும். குழாயில் அழுத்தம் இருக்கிறவரை நல்ல தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, சுற்றியுள்ள கழிவுநீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே போகும்.

அடிபம்பு பெரும்பாலும் சின்ன ரிப்பேர்தான். கைப்பிடியின் உணர்வே சொல்லிவிடும். தடையே இல்லாமல் லேசாக ஏறி இறங்கினால் உள்ளே தண்டின் நுனியில் இருக்கும் கிண்ணம் போன்ற வாஷர் தேய்ந்துவிட்டது. மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடித்தவுடன் நன்றாக வந்து, பத்து நிமிடம் விட்டுவிட்டு அடித்தால் மறுபடி வராமல் போனால் அடிவால்வு நீரைப் பிடித்து வைக்கவில்லை. மணல்துகள் சிக்கியிருக்கலாம், ரப்பர் விறைத்திருக்கலாம். கைப்பிடி கனமாக இருந்து, அழுத்தி விட்டதும் தானாக மேலே எழும்பினால் குழாயிலேயே தண்ணீர் இல்லை அல்லது அடைப்பு. பம்பில் குற்றம் இல்லை.

வாஷர் மாற்ற ஸ்பேனர் ஒன்று போதும். தலைமூடியின் போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை மேலே உருவுங்கள். பழைய வாஷரைக் கடைக்கே கொண்டுபோய் அதே விட்டத்தில் வாங்குங்கள். கண்மதிப்பில் வாங்கினால் கட்டாயம் பொருந்தாது. தோல் வாஷரானால் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, மாட்டும் முன் தேங்காயெண்ணெய் தடவுங்கள். காய்ந்த தோலை அப்படியே மாட்டினால் விளிம்பு கிழிந்து, ஒரே மாதத்தில் பழைய கதை. கிண்ணத்தின் வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டு "புது வாஷரும் சரியில்லை" என்று புலம்புகிறவர்கள் நிறைய.

நிரந்தர வழி வேண்டுமானால் தரைக்கடித் தொட்டி கட்டுங்கள். தெருக்குழாயிலிருந்து தண்ணீர் தானாக வந்து அதில் விழ வேண்டும். மோட்டார் தொட்டியிலிருந்து மேலே ஏற்றட்டும். தொட்டியின் வாய் தெரு மட்டத்தைவிட ஒரு அடியாவது உயரமாக இருக்கட்டும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் உள்ளே புகும். தண்ணீர் விடும் நாளில் முதலில் கலங்கலாக வருவதை வெளியே விட்டுவிட்டுப் பிடியுங்கள். குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் சொட்டுமருந்துப் பெட்டி கிடைக்கிறது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாமல் நாற்றமும் அடித்தால் கலப்பு நடந்திருக்கிறது. குடிக்காமல் உடனே புகார் செய்யுங்கள்.

எங்கள் தெருப் புங்கமரத்தின் தூரை ஒட்டி சிமென்ட் பூசிவிட்டார்கள். மரம் சாகுமா? உடைக்கலாமா? (மேற்கு மாம்பலம் வாசகி)

உடனே சாகாது. மெல்ல மெல்ல வலுவிழக்கும், ஒரு புயலில் விழும். 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னையில் சாய்ந்த மரங்கள் பலவற்றில், வேர் பரவ இடமில்லாமல் ஒரு சதுரக் கட்டியாக மடங்கியிருந்ததை விழுந்த இடத்திலேயே பார்க்க முடிந்தது. மண்ணுக்குள் காற்றும் தண்ணீரும் போனால்தான் வேர் ஆழமாக இறங்கும். தூரைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமென்ட் இருக்கக் கூடாது என்று டெல்லி மரங்கள் தொடர்பான வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் சொன்னது. அதே அளவை நீங்களும் கேளுங்கள். நடைமேடை குறுகலாக இருந்தால் இரண்டு பக்கமும் நீளவாக்கில் விடச் சொல்லலாம்.

வார்டு அலுவலகத்தில் சொல்லிவிட்டு உடைப்பது நல்லது. உளியும் சுத்தியலும் மட்டும். மின்சார பிரேக்கர் வைத்தால் அடியில் உள்ள வேரின் பட்டை நசுங்கும், அந்த வழியே பூஞ்சை ஏறும். விரல் கனத்துக்கு மேல் உள்ள வேரை வெட்டாதீர்கள். மண் இறுகியிருந்தால் கடப்பாறையால் லேசாகக் குத்தி, மட்கிய உரம் இரண்டு கூடை போட்டு, மேலே காய்ந்த இலையைப் பரப்புங்கள். தூரை ஒட்டி மண்ணைக் குவிக்கக் கூடாது, பட்டை அழுகும். பலகை மாட்ட அடித்த ஆணிகளையும் அப்போதே பிடுங்கிவிடுங்கள். கிளை வெட்டவோ மரத்தை எடுக்கவோ மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். புங்கை நல்ல தெருமரம். மயில்கொன்றை போலப் பட்டென்று ஒடியாது. விட்டுவிடாதீர்கள்.

மஞ்சள் விளக்குகளை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. போட்டார்கள். வெளிச்சம் அதிகம்தான், ஆனால் எங்கள் வாசல் மட்டும் முன்பைவிட இருட்டாக இருக்கிறதே? (அசோக் நகர் வாசகர்)

பழைய சோடியம் விளக்கு நாலா பக்கமும் ஒளியைச் சிதறவிடும். சுவர், மரம், மாடி எல்லாம் கொஞ்சம் மஞ்சளாகும். எல்.இ.டி. தரையைப் பார்த்து மட்டும் ஒளி வீசும். அதனால் கம்பத்துக்கு அடியில் பளிச்சென்றும் இரண்டு கம்பத்துக்கு நடுவில் இருட்டாகவும் தெரியும். கம்பங்களுக்கு இடையே 30 மீட்டருக்கு மேல் இருந்தால் இது நிச்சயம். உங்கள் வாசல் எந்த வகை என்று ராத்திரி நின்று பாருங்கள். நிழல் திட்டுத்திட்டாக, காற்றில் அசைந்தால் மரக்கிளை மறைக்கிறது. விளக்குக்குக் கீழே உள்ள கிளையை மட்டும் கழித்தால் போதும். நிழல் அசையாமல் இருந்தால் விளக்கின் கை கோணலாகத் திரும்பியிருக்கலாம், அல்லது நடுவில் ஒரு கம்பம் தேவை. புகார் செய்யும்போது கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் கொடுங்கள். மழை நாளில் எந்தத் தெருவிளக்குக் கம்பத்தையும் தொடாதீர்கள். கம்பத்தின் அடியில் உள்ள சின்னக் கதவு திறந்து ஒயர் தொங்குவது தெரிந்தால் குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

தெருமுனை மின்சாரப் பெட்டியைச் சிமென்ட் மேடை கட்டி உயர்த்தியிருக்கிறார்கள். மழைக்காகவா? (சைதாப்பேட்டை வாசகர்)

ஆமாம். தேங்கும் தண்ணீர் பெட்டிக்குள் ஏறினால் தெரு முழுவதுக்கும் மின்சாரத்தை நிறுத்த வேண்டியிருக்கும். மேடை வந்த பிறகும் அதன் மேல் உட்காருவது, குப்பை மூட்டையைச் சாய்த்து வைப்பது, பூக்கடைக் குடையைக் கட்டுவது எதுவும் கூடாது. கதவு திறந்திருந்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

சில தெருநாய்களுக்குக் காதில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறதே, ஏன்? (கே.கே. நகர் வாசகி)

கருத்தடை அறுவையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் முடிந்த நாய் என்பதற்கான அடையாளம். பிடித்த தெருவிலேயே திரும்ப விடுவார்கள். விட்டால்தான் அந்த இடத்துக்குப் புது நாய்கள் வராது. சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964இலேயே தொடங்கிய முறை இது. வெட்டு இல்லாத நாய்கள் எத்தனை, எந்தத் தெரு என்று சொல்லி 1913இல் கேட்கலாம். காது வெட்டு இருக்கிற நாய் கடித்தாலும் அசட்டையாக இருக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆம் நாட்களில். நடுவில் நிறுத்தவே கூடாது.

எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரர் கரியிலிருந்து கேஸ் பெட்டிக்கு மாறியிருக்கிறார். துணிக்கு நல்லதா? வண்டியில் சிலிண்டர் வைப்பது ஆபத்தில்லையா? (மேற்கு மாம்பலம் வாசகர்)

துணிக்கு நல்லது. கரிப்பெட்டியில் மூன்று தொல்லைகள்: காற்றடித்தால் பொறி பறந்து துணியில் ஊசிமுனை ஓட்டை விழும், சாம்பல் படிந்தால் வெள்ளைச் சட்டையில் சாம்பல் கோடு, கரி புதிதாகப் போட்டதும் தகதகவென்று, பிறகு ஆறி என்று சூடு ஒரே நிலையில் நிற்காது. கேஸ் பெட்டியில் திருகினால் சூடு குறையும். தேய்ப்பவரின் நெஞ்சுக்கும் நல்லது; நாள் முழுக்கக் கரிப்புகையில் நின்ற உடம்பு அது. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை வழியாகப் பித்தளைப் பெட்டிக்குப் பதிலாக கேஸ் பெட்டி கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. உங்கள் தெருவில் இன்னும் கரியோடு நிற்பவர் இருந்தால் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்க உதவுங்கள்.

ஆபத்து, வைக்கிற விதத்தில் இருக்கிறது. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தாழ்வில் தங்கும். ஆகவே சிலிண்டரை வண்டிக்கடியில் பலகையால் மூடிய அறைக்குள் வைக்கக் கூடாது. அடியில் காற்றோட்டம் வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், சாய்த்தால் திரவமாகவே குழாய்க்குள் வரும். குழாய் மேலேயிருந்து தொங்கி வர வேண்டும். மேசைமேல் கிடந்தால் ஒருநாள் சூடான பெட்டி அதன்மேல் உட்காரும். ஐந்து ஆண்டில் குழாயை மாற்ற வேண்டும், வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே. சோப்புத் தண்ணீரை மூட்டுகளில் தடவினால் கசிகிற இடத்தில் குமிழி வரும். தீக்குச்சி வைத்துப் பார்ப்பவர்களைப் பார்த்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். வீட்டு உபயோகச் சிலிண்டரைத் தொழிலுக்கு வைக்கக் கூடாது. 5 கிலோ சிறு சிலிண்டர் கடைகளிலேயே கிடைக்கிறது.

அடுக்குமாடிக் கட்டடங்கள் கார் ஏறுவதற்காக நடைமேடையிலேயே சாய்வுமேடை போடுகின்றன. வயதானவர்கள் எங்கே நடப்பது? (தியாகராய நகர் வாசகர்)

சாய்வு அவரவர் மனைக்குள்தான் இருக்க வேண்டும். நடைமேடையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலமும், 15 செ.மீ.க்கு மிகாத உயரமும் வேண்டும். வாசலுக்கு வாசல் ஏறி இறங்கும் நடைமேடையில் முழங்கால் வலிக்காரர் நடக்க மாட்டார், சாலையில் இறங்கிவிடுவார். 2019இல் பாண்டி பஜாரில் நடப்பவர்களுக்காக அகலமான பாதை அமைத்தபோது கூட்டம் தானாகவே அதன்மேல் ஏறியது. மட்டமாகப் போட்டால் மக்கள் நடக்கிறார்கள். நடைபாதை வியாபாரிகளை இதோடு சேர்த்துக் குற்றம் சொல்லாதீர்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்கு அடையாளச் சான்றும் ஒதுக்கிய இடமும் பெற உரிமை உண்டு. கீரைக்கூடையை நகர்த்தி வைக்கலாம், கான்கிரீட்டை நகர்த்த முடியாது.

தார் ரோட்டில் கோலம் எடுப்பாகத் தெரிவதில்லை. மாவு நிறையச் செலவாகிறது. வழி உண்டா? (மேற்கு மாம்பலம் வாசகி)

தாரில் கல்லும் இடைவெளியுமாக இருப்பதால் நைஸ் மாவு பள்ளத்தில் இறங்கிவிடும். முதலில் நன்றாகக் கூட்டுங்கள், தண்ணீரை விசிறித் தெளித்து, பளபளப்பு மறைந்து ஈரம் மட்டும் நிற்கும் நேரத்தில் போடுங்கள். நீர் தேங்கியிருக்கும்போது போட்டால் கோடு கரைந்து பரவும்; முழுக்கக் காய்ந்தபின் போட்டால் முதல் ஆட்டோவிலேயே பறக்கும். தாருக்குச் சற்றுக் கொரகொரப்பான கல்மாவு வாங்குங்கள். நான்கு பங்கு கல்மாவுக்கு ஒரு பங்கு பச்சரிசி மாவு கலந்தால் வெண்மையும் கூடும், எறும்புக்கும் குருவிக்கும் ஏதாவது கிடைக்கும். சிக்குக் கோலத்துக்குப் புள்ளி இடைவெளியை, தரையில் விடுவதைவிட ஒன்றரை மடங்கு அகலமாக விடுங்கள். நெருக்கமாக வைத்தால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பண்டிகை நாளில் கேட்டுக்கு உள்ளே சிமென்ட் தரையில் இழைக்கோலம் போட்டுவிட்டு, தெருவில் பெரிய கோடுகளாக ஒன்று போதும்.

பழைய எண், புதிய எண் குழப்பம் எப்போது தீரும்? கூரியர் எதிர்ச்சாரி வீட்டுக்குப் போகிறது. (மேற்கு மாம்பலம் வாசகர்)

ஒரே எண் ஒரு வீட்டுக்குப் பழையதாகவும் எதிர்வீட்டுக்குப் புதியதாகவும் இருப்பதால் வரும் வம்பு இது. முகவரி கொடுக்கும்போது புதிய எண்ணை முதலில், "பழைய எண்" என்ற சொல்லோடு அடுத்ததை, பிறகு குறுக்குத் தெருவின் பெயரை எழுதுங்கள். 12/27 என்று சாய்கோடு மட்டும் போட்டால் எது புதியது என்று வருகிறவருக்குத் தெரியாது. வாசல் பலகையிலும் இரண்டையும் எழுதுங்கள், புதியதைப் பெரிதாக. சொத்துவரி ரசீதிலும் மின் இணைப்பு அட்டையிலும் இருக்கும் எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால் சொத்துவரி ரசீது நகலோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முகவரித் திருத்தம் கேளுங்கள். வீட்டை விற்கும்போதோ பெயர் மாற்றும்போதோ இந்த வேறுபாடு வேலையை நிறுத்தும். பத்திரத்தில் பழைய எண் மட்டும் இருந்தால் அதற்காகப் பத்திரத்தைத் திருத்த வேண்டியதில்லை; சர்வே எண்ணும் நான்கு எல்லைகளும் சரியாக இருந்தால் போதும், புதிய பத்திரம் எழுதும் நாளில் இரண்டு எண்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.